கழுத்து வரை டீசல்

ஹூட்டர் அலறியது.

கிளெமென்ட் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினான். தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்து நின்றது. வீட்டுக்குப் பின்னால், தென்னைகளுக்கு அப்பால் இருந்த கோழிப் பண்ணையிலிருந்துதான் அந்தச் சத்தம். கரண்ட் போனால் அலறும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அடங்கும்.

ஜெனரேட்டர் தானாக உறுமிக்கொண்டு கிளம்பியது. ஹூட்டர் அடங்கியது.

"நீங்க சாப்பிடுங்க. அது பாட்டுக்கு ஓடும்," என்றாள் அவன் மனைவி ரீனா, ரசத்தை ஊற்றியபடி. "வீடியோ கால்ல நீங்க எடுத்த கிளாஸ் வீண் போகல. நல்ல மிஷினுங்க. எண்ணெயே குடிக்க மாட்டேங்குது."

கிளெமென்ட் சிரிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். எஞ்சின் சத்தம் ஏறியது, உடனே இறங்கியது. இருமல்காரர் மூச்சு வாங்குவதுபோல மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

"ரீனா, ஓடு! படுதாவை இறக்கு!"

அவன் எழுந்து வாசலைத் தாண்டுவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. ஹூட்டர் மறுபடியும் பிடித்துக்கொண்டது.

அது நான்கு பக்கமும் மூடிய பண்ணை. ஒரு முனையில் தண்ணீர் வழியும் அட்டைச் சுவர், மறுமுனையில் ஆளுயர விசிறிகள், இரு பக்கமும் இறக்கினால் திறந்துகொள்ளும் படுதாக்கள். விசிறி ஓடும் வரை உள்ளே குளுகுளுவென்றிருக்கும். நின்றால், சாணார்பட்டி மே மாத வெயிலில் கோழிகள் தங்கள் உடம்புச் சூட்டிலேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதுவும் இவை குஞ்சுகள் இல்லை. நன்றாக முற்றி, நாளை மறுநாள் லாரியில் ஏற வேண்டிய கோழிகள்.

அந்த லாரிமேல்தான் வீட்டின் நம்பிக்கை முழுவதும் ஏறியிருந்தது. கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும். வளர்த்துக் கொடுப்பது ரீனாவின் பொறுப்பு. இந்தக் கோழிகள் நல்லபடியாகப் போய், கம்பெனி தொடர்ந்து குஞ்சு தந்தால், கிளெமென்ட் திரும்பக் கடலுக்குப் போக வேண்டாம். தராவிட்டால் போயே ஆக வேண்டும். கிரீஸ் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பணக்காரரின் பாய்மரப் படகில் அவன் மெக்கானிக். 'வருகிறாயா, இல்லையா, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்' என்று கேப்டன் கேட்டிருந்தார். இன்று சனிக்கிழமை.

ரீனா செருப்பில்லாமல் ஓடினாள். பண்ணையில் வேலை பார்க்கும் சுருளிவேல் அதற்குள் தெற்குப் பக்கத்துப் படுதாவைக் கைப்பிடி சுற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வடக்குப் பக்கம் கைப்பிடி மக்கர் செய்தது.

"கயித்த அறுத்துவிடுங்கண்ணே!" என்று கத்தினாள் ரீனா.

"அறுத்தா புதுசு வாங்கணும் தாயி!"

"கோழிய மட்டும் வாங்க வேணாமா? அறுங்க!"

சுருளிவேல் அரிவாளை எடுத்தார். அறுந்த கயிறு சாட்டைபோல அவர் முன்கையில் அடித்துத் தோலை உரித்துக்கொண்டு போனது. படுதா சரிந்து விழுந்தது. வெளிச்சம் உள்ளே பாய்ந்தது, காற்றுதான் வரவில்லை. சிறுமலைப் பக்கம் மேகம் கட்டி, ஊரே அசைவில்லாமல் இறுகிக் கிடந்தது. கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துத் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"உக்கார விடாத தாயி! உக்காந்தா அடிச்சூட்டுலயே போயிரும். எழுப்பிக்கிட்டே நட!"

இருவரும் கைகளை வீசிக்கொண்டு நடந்தார்கள். எழுந்தவை எழுந்தன. எழாதவற்றைத் தாண்டிப் போனார்கள்.

கிளெமென்ட் ஜெனரேட்டர் அறைக்குள் இருந்தான். கண்ட்ரோல் பேனல் தானாக இன்னொரு முறை எஞ்சினைச் சுழற்றிப் பார்த்துத் தோற்றது. பாட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று அவன் அதை அணைத்தான். எஞ்சினுக்குப் பக்கத்தில், ஃபில்டருக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். டார்ச் அடித்துப் பார்த்தான்.

கிண்ணத்தில் மேலே விரற்கடை அளவுக்கு மஞ்சள் டீசல். அதற்குக் கீழே, குடிதண்ணீர் மாதிரித் தெளிவாக, தண்ணீர்.

போன வருடம் இதே காட்சியை அவன் பார்த்திருந்தான். பாய்மரப் படகுக்கு எதற்கு டீசல் என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். நடுக்கடலில் காற்று இருக்கும் வரை பாய் போதும். துறைமுக வாசலில், இரண்டு பாறைக் கரைகளுக்கு நடுவே, காற்று செத்துப்போன நேரத்தில் எஞ்சின்தான் தெய்வம். அன்று அந்த வாசலில் எஞ்சின் இப்படித்தான் இருமி நின்றது. டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீர் அலைக்குலுக்கலில் குழாய்க்குள் ஏறிவிட்டது. படகு பாறையை நோக்கி மெதுவாக நகர்ந்தது. நங்கூரம் கடைசி நேரத்தில் பிடித்தது. பிடித்திருக்காவிட்டால் என்ற நினைப்பு அதன் பிறகு அவனைத் தூங்க விடவில்லை. "போதும் ரீனா, ஊருக்கு வந்துர்றேன்," என்று அந்த வாரம்தான் முதன்முதலாகச் சொன்னான்.

அதனால்தான் இங்கே ஜெனரேட்டர் வாங்கியதும் போனிலேயே பாடம் நடத்தினான். டேங்க் எப்போதும் கழுத்து வரை நிறைந்திருக்க வேண்டும். காலியிடம் விட்டால் அதிலுள்ள காற்று ராத்திரிக் குளிரில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக டீசலில் இறங்கும். டீசலை மெல்லிய துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர் கனமானது, அடியில் போய்ப் படுக்கும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கறுப்பாகப் பாசி பிடிக்கும். எல்லாவற்றையும் ரீனா கேட்டாள். ஒன்றைத் தவிர. டேங்கின் அடித்திருகைத் திறந்து மாதத்துக்கு ஒருமுறை வடிக்கச் சொன்னான். திருகின்மேல் ஜெனரேட்டர் கம்பெனிக்காரன் பெயிண்ட் அடித்து வைத்திருந்ததால் அது அசையவில்லை. 'நீங்க வந்து பாத்துக்கங்க' என்று விட்டுவிட்டாள்.

வந்து மூன்று நாளாகிறது. வந்த அன்றே மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். கழுத்து வரை டீசல், தேன் மாதிரி மின்னியது. திருகை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடினான்.

"கிளெமென்ட்!" ரீனாவின் குரல் உடைந்து வந்தது. "விழுகுதுங்க! வரிசையா விழுகுது!"

"செத்த நேரம்! செத்த நேரம் பொறு!"

டேங்கை நம்பிப் பயனில்லை. அதன் குழாயை அடைத்துக் கழற்றினான். சேமிப்புப் பேரலிலிருந்து ஒரு கேனில் டீசல் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சுத்தம். கேனை எஞ்சின் கூட்டின்மேல் வைத்து, ஒரு ரப்பர் குழாயை அதிலிருந்து நேரே ஃபில்டருக்கு இறக்கினான். பழைய ஃபில்டரைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டினான். ஃபில்டரில் காற்று வெளியேறும் திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அமுக்க, நுரையும் தண்ணீரும் கலந்து துப்பியது. அமுக்கினான். மீண்டும் நுரை. வியர்வை கண்ணில் இறங்கியது. கடைசியில் குமிழி இல்லாமல் மஞ்சளாக ஒழுகியதும் திருகை இறுக்கினான்.

வாசலில் அவன் அம்மா ஜோஸ்பின் நின்றுகொண்டிருந்தாள். கையில் செபமாலை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அவள் கண் எஞ்சின்மேல் இல்லை, தரையில் கொட்டிக் கிடந்த தண்ணீர்மேல் இருந்தது.

"அது என்னய்யா, தண்ணியா?"

"தண்ணிதாம்மா. டேங்கு பூராவும் தண்ணி. தள்ளி நில்லு."

சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பாட்டரி முனகியது. இன்னொரு முறை. ஒரு வெடி, வெண்புகை, இன்னொரு வெடி. பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. பண்ணையில் விசிறிகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.

ஜோஸ்பின் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

*

கம்பெனி சூப்பர்வைசர் பாண்டியராஜ் வந்து சேர்ந்தபோது, செத்த கோழிகளைச் சுருளிவேல் கதவோரம் குவித்துக்கொண்டிருந்தார். குவியல் இடுப்புயரத்துக்கு வந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பாண்டியராஜ் பண்ணைக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்தான்.

"செத்தது ஒரு பக்கம் இருக்கட்டும்ண்ணே. இருக்கிறதுலயே பாதி எந்திரிக்கல. லாரிக்காரன் இதப் பாத்தா ஏத்த மாட்டான்."

"ராவுக்குள்ள தேறிரும் தம்பி," என்றாள் ரீனா. முழங்கை வரை இறகு ஒட்டியிருந்தது. "வெல்லத் தண்ணி வச்சிருக்கோம். விசிறி ஓடுதுல்ல."

"தேறுனா சந்தோசம்க்கா. ஆனா மேனேஜருக்கு நான் இப்பவே சொல்லணும். ஊரு பூரா கரண்டு போச்சு. மத்த பண்ணையில ஒரு கோழி சாகல. உங்க ஜெனரேட்டர் மட்டும் நின்னா அவர் என்ன கேப்பாரு?" ஹெல்மெட்டைக் கழற்றி அதன்மேல் தாளம் போட்டான். "டீசல்ல தண்ணிங்கிறீங்க. எப்படி வந்துச்சு? பராமரிப்பு சரியில்லன்னு எழுதுனா அடுத்த தடவை குஞ்சு கிடையாது. அதுக்கடுத்த தடவையும் கிடையாது. எனக்கு ஒரு பதில் வேணும்ண்ணே."

கிளெமென்ட் பதிலைத் தேடிக்கொண்டுதான் இருந்தான். அடித்திருகை உளியால் தட்டிக் கழற்றி, ஒரு பாட்டிலில் பிடித்தான். முழு பாட்டிலும் தண்ணீர். இன்னொரு பாட்டில். அதுவும் தண்ணீர். ஒரு வாளியை வைத்தான். வாளியின் அடி மறைந்து, மேலே ஏறிய பிறகுதான் டீசல் வரத் தொடங்கியது.

இது வியர்த்த தண்ணீர் இல்லை. வியர்த்தால் ஒரு கரண்டி சேரலாம், வாளி சேராது. பேரல் சுத்தம். கேன் சுத்தம். பங்க்கிலிருந்து வந்திருந்தால் பேரலிலும் இருந்திருக்கும். கூரையில் ஒழுகல் இல்லை. தண்ணீர் இந்த டேங்குக்குள் மட்டும்தான். யாரோ மூடியைத் திறந்து ஊற்றாமல் அது உள்ளே வர வழியே இல்லை.

'எண்ணெயே குடிக்க மாட்டேங்குது.' ரீனா சொன்னது அவனுக்கு இப்போது உறைத்தது. குடிக்காமல் இல்லை. குறைந்த இடத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

"சுருளிண்ணே," என்றான். "இங்க வாங்க."

சுருளிவேல் வந்தார். முன்கையில் துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தார்.

"டேங்குக்கு எண்ணெய் ஊத்துறது யாரு?"

"நாந்தான் தம்பி. துணியில வடிகட்டித்தான் ஊத்துவேன். ரீனா தங்கச்சியக் கேளு."

"பங்க்குல இருந்து கொண்டு வாரது?"

"அதுவும் நாந்தான். வேற ஆரு இருக்கா?"

"அப்ப இந்தத் தண்ணி?"

சுருளிவேல் வாளியைப் பார்த்தார். பிறகு கிளெமென்ட்டைப் பார்த்தார். கேள்வி எங்கே போகிறதென்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தம்பி, என்ன கேக்குற?"

"எடுத்த அளவு தெரியாம இருக்க யாரோ தண்ணிய ஊத்தி நிரப்பிருக்காங்க. கேக்கத்தானே செய்யணும்?"

"எடுத்த அளவா?" சுருளிவேல் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு கோணலாக முடிந்தது. "எங்கிட்ட என்ன பஸ்ஸா ஓடுது, டீசல் ஊத்தி ஓட்ட? ஒரு சைக்கிளு. அதுவும் உங்க அம்மா குடுத்தது. அதுல ஊத்தலாம்னா சொல்லு, ஊத்திப் பாப்போம்."

"விக்கலாம்ல?"

"ஏங்க!" என்றாள் ரீனா. "அவரப் போயி..."

"நீ சும்மா இரு. ரூம் சாவி யார்ட்ட இருக்கு?"

"உங்க வீட்டு அடுப்படி ஆணியில தொங்குது," என்றார் சுருளிவேல். "எடுக்கிறவுக எடுக்கலாம். தம்பி, கோழி விழுந்தப்ப உள்ள நின்னவன் நானு. நீ ரூமுக்குள்ள நின்ன. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, நான் திருடினேன்னு."

கிளெமென்ட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தான்.

பாண்டியராஜ் இருவருக்கும் நடுவில் வந்தான். கிளெமென்ட்டின் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்திக்கொண்டு போனான். குரலைத் தாழ்த்தினான், இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, இது நல்லதுதான். வேலையாளோட கைவரிசைன்னா அது பராமரிப்புக் குறையில்ல. ஆள நிறுத்திட்டோம், புது ஆளு போட்டாச்சுன்னு சொன்னா மேனேஜர் ஒத்துக்குவாரு. அடுத்த பேட்ச்சுக்கு நான் பொறுப்பு. நீங்க ஊம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே போனைப் போடறேன்."

கிளெமென்ட் ரீனாவைத் திரும்பிப் பார்த்தான். சற்று முன்பு குறுக்கே பேசியவள் இப்போது தலையைக் குனிந்துகொண்டாள். இறகைக் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவன் கடலில் இருந்த வருடங்களில் பண்ணையின் ஒவ்வொரு கல்லும் சுருளிவேல் முன்னின்று வைத்தது என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பாறைக் கரையும் அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்க தங்கச்சி," என்றார் சுருளிவேல், அவளிடம். "நீங்க சொன்னா நம்பிக்கிறேன்."

ரீனா தலையைத் தூக்கவில்லை.

சுருளிவேல் தலையை ஆட்டிக்கொண்டார். தோளில் கிடந்த மிச்சத் துண்டை உதறினார். "சரி தாயி. வடக்குப் பக்கம் தொட்டி நிப்பிள்ல தண்ணி அடைக்குது, பாத்துக்கங்க. அங்க கிடக்கிற கோழிக்குத் தண்ணி போகல," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை நோக்கி நடந்தார்.

கிளெமென்ட்டின் சட்டைப்பையில் போன் அடித்தது. கேப்டன். பெயர் திரையில் மின்னியது. அவன் எடுக்கவுமில்லை, துண்டிக்கவுமில்லை. அடித்து அடித்து அடங்கியது.

"என்னண்ணே?" என்றான் பாண்டியராஜ். மேனேஜர் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். "போடட்டுமா?"

தப்பாக இருந்தால் என்ன, என்று கிளெமென்ட்டுக்குத் தோன்றியது. வேறு யார்தான் செய்திருக்க முடியும்? தண்ணீர் இருக்கிறது. ஊற்றிய கை ஒன்று இருக்கத்தான் வேண்டும். சுருளிக்கு வேறு பண்ணையில் வேலை கிடைக்கும். எரியோட்டுப் பண்ணைகளில் ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். தனக்கு இதைவிட்டால் அந்தப் படகுதான், அந்தப் பாறைதான்.

"ஊம்," என்றான்.

பாண்டியராஜ் போனைக் காதில் வைத்தான். "சார், வணக்கம் சார். சாணார்பட்டி பண்ணை சார். ஆமா சார், நானே நேர்ல வந்துட்டேன். இல்ல சார், இவங்க மேல தப்பில்ல. வேலைக்காரன் ஒருத்தன்..."

"நிறுத்துப்பா."

ஜோஸ்பின் ஜெனரேட்டர் அறை வாசலை விட்டு வெயிலுக்கு வந்திருந்தாள். செபமாலை கையில் இல்லை. முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு நிமிசம் சார்," என்று பாண்டியராஜ் போனைக் கையால் பொத்தினான்.

"சுருளி! ஏய் சுருளி, நில்லுப்பா!" என்று கத்தினாள் ஜோஸ்பின். சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தவர் தென்னை மறைவில் நின்றார். திரும்பவில்லை.

"அம்மா, நீ உள்ள போ," என்றான் கிளெமென்ட். "இதுல நீ தலையிடாத. பேசி முடிச்சாச்சு."

"முடிக்கலய்யா."

"வெயில்ல நிக்காதம்மா. போ. இது உனக்குப் புரியாது. டேங்குல தண்ணி இருந்தா எஞ்சின் என்னாகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியல," என்றாள் அவள். "இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுதான் சொல்றேன்."

ரீனா நிமிர்ந்து பார்த்தாள். ஜோஸ்பின் மருமகளைப் பார்க்கவில்லை, போனைப் பொத்திக்கொண்டு நின்ற பாண்டியராஜையும் பார்க்கவில்லை. மகனுக்கு நேராக வந்து நின்றாள்.

"அந்த மிஷின் நிக்காம ஓடுனாத்தான் நீ திரும்பக் கடலுக்குப் போக மாட்டேன்னு, செவ்வாய்க்குச் செவ்வாய் அந்தோணியார் கோயில் தீர்த்தத்தை ஒரு செம்பு அதுல ஊத்திக்கிட்டு வந்தவ நாந்தாய்யா."